பிரசவத்துக்கு எந்த மருத்துவமனை? குடும்பங்கள் முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்விகள்

"ஹஜ்ரத், மகளுக்கு ஏழாம் மாசம். சுகப்பிரசவம் ஆகணும்னு துஆ செய்யுங்க."

ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் இப்படிக் கேட்டு வருபவர்கள் உண்டு. துஆ செய்துவிட்டு, "எந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்கீங்க?" என்று நானும் கேட்பேன். "லேடி டாக்டர்தான் ஹஜ்ரத், கவலையில்லை" என்பார்கள். "ராத்திரி ரெண்டு மணிக்கு ஆபரேஷன் தேவைப்பட்டா மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் எங்கேயிருந்து வருவார்?" என்று கேட்டால் பெரும்பாலான தகப்பன்மாரிடம் பதில் இருக்காது.

இப்படிக் கேட்க ஆரம்பித்ததற்கு ஒரு ஜனாஸா காரணம். இரண்டாவது பிரசவத்துக்குச் சென்ற இளம் சகோதரி. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சிறிய மருத்துவமனை, பெண் மருத்துவர். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அதற்குப் பிறகு இரத்தப்போக்கு நிற்கவில்லை. அங்கே இரத்தம் இல்லை. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. ஜனாஸாவுக்கு வந்தவர்கள், "பிரசவத்தில் மௌத்தானவர் ஷஹீதுடைய அந்தஸ்தில் இருக்கிறார்" என்று ஆறுதல் சொன்னார்கள். ஹதீஸில் வந்துள்ள உண்மைதான் அது. ஆனால் அது இறந்தவருக்கான நற்செய்தி. இடத்தைத் தேர்ந்தெடுத்த நம்முடைய பொறுப்பை அது நீக்கிவிடாது.

முதல் கேள்வி: அவசரம் வந்தால் அங்கே என்ன இருக்கிறது?

பெரும்பாலான பிரசவங்கள் அல்லாஹ்வின் கிருபையால் சிக்கலின்றி நடக்கின்றன. சிக்கல் வரும் சில பிரசவங்களில், அதுவரை எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்த பெண்களும் இருப்பார்கள். பிரசவத்துக்குப் பிந்திய கடும் இரத்தப்போக்கு முன்னறிவிப்பின்றி வரும். சிகிச்சை இல்லாவிட்டால் ஓரிரு மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. அதனால் கட்டடம் எவ்வளவு அழகு, அறையில் ஏசி உண்டா என்பதெல்லாம் பிறகு. முதலில் இவற்றைக் கேளுங்கள்:

1. மகப்பேறு மருத்துவர் இரவிலும் விடுமுறை நாளிலும் இருப்பாரா? இல்லையென்றால் எத்தனை நிமிடத்தில் வருவார்? அவர் ஊரில் இல்லாதபோது பொறுப்பு யாருக்கு?
2. மயக்க மருந்து நிபுணர் எப்போதும் இருப்பாரா, அழைத்தால் வருபவரா?
3. இரத்த வங்கி அதே வளாகத்தில் உண்டா? இல்லையென்றால் எங்கிருந்து, எவ்வளவு நேரத்தில் இரத்தம் வரும்?
4. குழந்தைக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டால் குழந்தைகள் மருத்துவர் உண்டா? பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா?
5. வேறு மருத்துவமனைக்கு அனுப்ப நேர்ந்தால் எங்கே அனுப்புவார்கள்? எந்த வாகனத்தில்? கூடவே செவிலியர் வருவாரா?

இப்படிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது. நல்ல மருத்துவர் பொறுமையாகப் பதில் சொல்வார். "அதெல்லாம் நீங்க ஏன் கேக்குறீங்க" என்ற பதில் வந்தால், அதிலிருந்தும் நாம் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம்.

நெகட்டிவ் இரத்தப் பிரிவு, கடுமையான இரத்தசோகை, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, இரட்டைக் குழந்தை, முந்தைய சிசேரியன், முந்தைய பிரசவத்தில் அதிக இரத்தப்போக்கு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சிறிய மருத்துவமனையைத் தவிர்த்து, இந்த ஐந்தும் ஒரே இடத்தில் உள்ள மருத்துவமனையையே பாருங்கள். தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஆன்டி-டி ஊசி அங்கே கிடைக்குமா என்றும் விசாரித்து வையுங்கள்.

பெண் மருத்துவர்: மார்க்கம் சொல்லும் வரிசை

பெண் மருத்துவர் வேண்டும் என்பது நியாயமான, மார்க்கம் மதிக்கும் விருப்பம். 1885ல் சென்னையில் ஒரு மருத்துவமனை பிறந்ததே இந்த விருப்பத்தை மதித்துத்தான். ஆண் மருத்துவரிடம் காட்டத் தயங்கி முஸ்லிம் பெண்களும் பிற சமூகப் பெண்களும் சிகிச்சையின்றித் துன்பப்படுவதைக் கண்டவர் மேரி ஷார்லீப். 1875ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவர். கோஷா பெண்களுக்காக அவர் முயன்று உருவாக்கியதுதான், திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் இயங்குகிறது. இன்றும் பலருக்கு அது "கோஷா ஆஸ்பத்திரி"தான். பர்தாவைக் காக்க வீட்டிலேயே பிரசவம் பார்ப்பது என்று அன்று முடிவாகவில்லை. பெண் மருத்துவர்கள் உள்ள மருத்துவமனை வேண்டும் என்றே முடிவானது.

மார்க்கச் சட்டத்திலும் வரிசை தெளிவாக இருக்கிறது. 1993ல் புருணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதை விளக்கியது. முதலில் தகுதியுள்ள முஸ்லிம் பெண் மருத்துவர். கிடைக்காவிட்டால் நம்பிக்கைக்குரிய முஸ்லிமல்லாத பெண் மருத்துவர். அவரும் இல்லையென்றால் முஸ்லிம் ஆண் மருத்துவர். அவரும் இல்லையென்றால் முஸ்லிமல்லாத ஆண் மருத்துவர். ஆண் மருத்துவர் என்றால் சிகிச்சைக்குத் தேவையான அளவு மட்டுமே பார்ப்பது, கணவரோ மஹ்ரமோ நம்பிக்கையான பெண்ணோ உடன் இருப்பது ஆகிய நிபந்தனைகள் உண்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது "தகுதியுள்ள" என்ற சொல்லை. பெண்ணாக இருப்பது மட்டும் போதாது. அந்தச் சிகிச்சைக்கான தகுதியும் வசதியும் இருக்க வேண்டும். நிர்ப்பந்த நிலையில் தடுக்கப்பட்டதும் அனுமதியாகும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. நள்ளிரவில் மயக்க மருந்து கொடுக்க ஆண் மருத்துவர்தான் வந்தார் என்றால் அதில் குற்றமில்லை. அவரை மறுத்து ஒரு தாயின் உயிரைப் பணயம் வைப்பதே குற்றம்.

பேணுதலுக்கான ஏற்பாடுகளை முன்பே கேட்டுப் பெறலாம். பிரசவ அறையில் திரை உண்டா, தலைமுக்காடு அணிய அனுமதி உண்டா, பரிசோதனையின்போது பெண் செவிலியர் உடன் இருப்பாரா, மாணவர்கள் பார்க்க வந்தால் முன்பே சம்மதம் கேட்பார்களா என்று விசாரியுங்கள். பிரசவ நேரத்தில் உடன் ஒருவர் இருப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அரசு மருத்துவமனைகளில் பெண் உறவினரை உடன் அனுமதிக்க மத்திய சுகாதார அமைச்சகமும் 2016ல் வழிகாட்டுதல் தந்தது. உம்மாவோ மாமியோ உள்ளே இருக்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

சிசேரியன்: இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது

2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இந்திய அளவில் 21.5 மட்டுமே. ஒரு நாட்டில் சிசேரியன் 10 விழுக்காட்டைத் தாண்டுவதால் தாய் சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் அறிவித்தது. ஆகவே, "உங்களிடம் முதல் பிரசவத்துக்கு வருபவர்களில் எத்தனை பேருக்குச் சிசேரியன் ஆகிறது? எந்தக் காரணங்களுக்காகச் செய்வீர்கள்?" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

குடும்பங்களின் தவறும் இதில் கலந்திருக்கிறது. மகளால் வலி தாங்க முடியாது என்று தாமே ஆபரேஷன் கேட்பவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை பிறக்கட்டும், ரமளானில் பிறக்கட்டும் என்று நாள் குறிப்பவர்களும் உண்டு. மருத்துவக் காரணமின்றி 39 வாரத்துக்கு முன் சிசேரியன் செய்தால் குழந்தைக்கு மூச்சுக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுகிறது. நாள் குறித்துக் குழந்தையை வெளியே எடுப்பதில் மார்க்கச் சிறப்பு எதுவும் இல்லை.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று மருத்துவர் சொன்ன பிறகும், "இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே" என்று மணிக்கணக்கில் இழுப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் சுகமாக வீடு திரும்பினால் அதுவே சுகப்பிரசவம். அதில் கத்தி பட்டதா இல்லையா என்று பார்த்து மருமகளைக் குறை பேசுவது பாவம்.

அரசா, தனியாரா?

ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கிறார்கள். சிக்கல் இல்லாத பிரசவத்துக்கு அவை ஏற்றவை. பெரும்பாலானவற்றில் சிசேரியன் வசதி இருக்காது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் போன்றவற்றில் "சீமாங்" மையங்கள் இருக்கின்றன. அறுவைச் சிகிச்சை, இரத்தம், பச்சிளம் குழந்தை சிகிச்சை ஆகியவை அங்கே இரவும் பகலும் கிடைக்கும். கூட்டம் இருக்கும், தனியறை கிடைக்காது. அவசரத்தைச் சமாளிக்கும் வசதியிலோ பல சிறிய தனியார் மருத்துவமனைகளைவிட அவை மேல். சிறிய மருத்துவமனைகள் கடைசி நேரத்தில் அனுப்பிவைப்பதும் அங்கேதான்.

2011 முதல் நடைமுறையில் உள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு எல்லாம் இலவசம். வாகனமும் இலவசம்: மருத்துவமனைக்கு வர 108, குழந்தையோடு வீடு திரும்ப 102. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், நிபந்தனைகளுக்கு உட்பட்டு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 18,000 ரூபாய் மதிப்பிலான உதவியும் உண்டு.

தனியாரிடம் செல்வதானால் சாதாரணப் பிரசவத்துக்கு எவ்வளவு, சிசேரியனுக்கு எவ்வளவு, அறை வாடகை, மயக்க மருந்து நிபுணர் கட்டணம், குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கௌரவத்துக்காகப் பெரிய மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, பில் கட்ட வட்டிக்குக் கடன் வாங்கும் குடும்பங்களைப் பார்க்கிறோம். இலவசமாகக் கிடைக்கும் நல்ல சிகிச்சையை விட்டுவிட்டு ஹராமான வட்டியில் போய் விழுவதில் என்ன கௌரவம்? உண்மையான தேவை இருந்தால் மஹல்லாவின் பைத்துல்மாலை முன்கூட்டியே அணுகுங்கள்.

சம்மதக் கையெழுத்து யாருடையது?

கணவர் வளைகுடாவில் இருப்பார். மருத்துவமனை சம்மதம் கேட்கும். போன் எடுக்கவில்லை என்று குடும்பம் காத்திருக்கும். சட்டப்படி, வயது வந்து சுயநினைவோடு இருக்கும் பெண் தன் சிகிச்சைக்குத் தானே கையெழுத்திடலாம். "மருத்துவர் அவசரம் என்று சொன்னால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம்" என்று கணவர் முன்பே மனைவியிடமும் இரு வீட்டாரிடமும் சொல்லிவைக்கட்டும்.

தாய்வீட்டில் முதல் பிரசவம் என்றால்

கணவர் வீடு சென்னையில், தாய்வீடு கீழக்கரையிலோ அதிராம்பட்டினத்திலோ இருக்கும். சென்னையில் மாதாமாதம் காட்டிவிட்டு, கடைசி வாரத்தில் ரயிலேறி வந்து புது மருத்துவரிடம் நிற்பது சரியல்ல. ஏழாம் மாதத்திலேயே ஊரில் மருத்துவமனையை முடிவு செய்து ஒருமுறை காட்டிவிடுங்கள். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் எல்லாம் ஒரே கோப்பில் கையோடு இருக்கட்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்கும் உங்கள் வீட்டிலிருந்து இரவில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட்டு வையுங்கள்.

ஏழாம் மாதம் முடிவதற்குள்

- பிக்மி எண் பெற்றுவிட்டோமா என்று பாருங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் பதியலாம். தனியாரில் பிரசவம் என்றாலும் பிறப்புச் சான்றிதழுக்கு இது தேவை.
- முதல் மருத்துவமனையோடு, அவசரத்துக்குச் செல்ல வேண்டிய இரண்டாவது மருத்துவமனையையும் முடிவு செய்யுங்கள்.
- அதே இரத்தப் பிரிவுள்ள இருவரிடம் சொல்லிவையுங்கள். இரத்ததானத்தில் நம் இளைஞர்கள் முன்நிற்பவர்கள். முன்பே கேட்டால் மறுக்கமாட்டார்கள்.
- இரத்தக் கசிவு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல், கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திராமல் உடனே புறப்பட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.
- எந்த மருத்துவமனை என்ற பேச்சில் கர்ப்பிணியையும் உட்காரவைத்து அவர் விருப்பத்தைக் கேளுங்கள். வலியைச் சுமக்கப்போவது அவர்தான்.

பிரசவ வேதனையில் மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதைக் குர்ஆன் மறைக்காமல் சொல்கிறது. அந்த நிலையிலும் அவர்களுக்குக் காலடியில் நீரும் கைக்கெட்டும் தூரத்தில் பேரீச்சம்பழமும் அல்லாஹ் ஏற்பாடு செய்திருந்தான். நம் வீட்டுப் பெண்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இரத்தமும் மருத்துவரும் இருக்க ஏற்பாடு செய்வது நம் கடமை. அதைச் செய்துவிட்டுத் துஆவுக்கு வாருங்கள். சேர்ந்து கேட்போம், இன்ஷா அல்லாஹ்.