ஸ்டாண்டர்ட் ஹெரால்டு

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்பது சென்னையை அடுத்த பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தால் 1961 ஆம் ஆண்டு முதல் 1970களின் தொடக்கம் வரை தயாரிக்கப்பட்ட சிறிய மகிழுந்து ஆகும். இது இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு காரின் இந்திய வடிவம். அம்பாசிடர், பியட் ஆகியவற்றுக்கு அடுத்து, அக்கால இந்தியச் சாலைகளில் காணப்பட்ட மூன்றாவது கார் இதுவே.

டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பெயர்பெற்ற பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அதன் மீது கட்டப்பட்டதாகும். இந்தியாவில் வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோயிருந்த காலத்தில், பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரை விரும்பிய ஒருவர் பணம் கட்டிப் புதிதாக வாங்கக்கூடியதாக இருந்த மிக நெருங்கிய உறவு ஹெரால்டுதான். பழைய கார் ஆர்வலர்களிடையே இதற்கு இன்றும் தனி மதிப்பு இருப்பதற்கும், இதைப் பற்றிய கருத்துகள் கூர்மையாகப் பிளவுபட்டிருப்பதற்கும் இதுவே காரணம்.

பின்னணி

ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1903 இல் கவென்ட்ரி நகரில் தொடங்கப்பட்டது. 1944 இல் அது டிரையம்ப் நிறுவனத்தை வாங்கியது. சென்னையில் இயங்கிய யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனத்துடன் அது கூட்டுச் சேர்ந்து 1948 இறுதியில் இந்திய நிறுவனத்தை உருவாக்கியது. முதலில் வேன்கார்டு என்னும் பெரிய கார் இங்கு பாகங்களாக வந்து பூட்டப்பட்டது. பின்னர் 1950களில் ஸ்டாண்டர்ட் எய்ட், டென் ஆகிய சிறிய கார்கள் வந்தன. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டிய காலமும் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் தொடங்கிய காலமும் இதுவே. பிரித்தானிய வண்டிகளுக்குச் சென்னை ஓர் இரண்டாம் வீடாக இருந்தது எனலாம்.

1950களில் இந்திய அரசு, உள்நாட்டிலேயே படிப்படியாகத் தயாரிக்கும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் தொடர்வதை அனுமதிக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு ஆகியவை தம் கூட்டிணைப்பு ஆலைகளை மூடின. முழுக் கார்களின் இறக்குமதியும் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதற்கு முன் வந்திருந்த எம்.ஜி., டிரையம்ப், ஜாகுவார் போன்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் சமஸ்தான அரச குடும்பங்களிடமும் தோட்டத் துரைமார்களிடமும் செல்வந்தர்களிடமும் சிறு எண்ணிக்கையில் கைமாறிக்கொண்டிருந்தன. சம்பளக்காரர் ஒருவருக்கு அவை எட்டாக் கனியே.

வடிவமைப்பு

டிரையம்ப் ஹெரால்டு 1959 ஏப்ரல் மாதம் இலண்டனில் அறிமுகப்படுத்தப்பட்டது. அதன் உடலை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜியோவானி மிக்கலோட்டி.

அக்காலத்தில் உடலும் சட்டமும் ஒன்றான அமைப்பே கார்களில் பரவி வந்தது. ஹெரால்டோ சேசிஸ் எனப்படும் தனி அடிச்சட்டத்துக்குத் திரும்பியது. இதற்கு ஒரு வணிகக் காரணம் உண்டு. ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்குக் கார் உடல்களைச் செய்து கொடுத்துவந்த பிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953 இல் போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேசன் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் அடித்துத் தர வேறு ஆள் கிடைக்காத நிலையில், உடலைப் பல துண்டுகளாகப் பிரித்து வெவ்வேறு ஆலைகளில் செய்து, அடிச்சட்டத்தின் மீது போல்ட்டுகளால் பூட்டும் முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. கூரைகூடப் போல்ட்டுகளால் பூட்டப்பட்டதே. கவென்ட்ரியில் இக்கட்டால் பிறந்த இந்த முறை சென்னைக்கு வரமாக அமைந்தது. பாகங்களாக அனுப்பிப் பூட்டுவதற்கும், ஒவ்வொரு துண்டாக உள்நாட்டில் செய்யக் கற்றுக்கொள்வதற்கும் இதைவிட ஏற்ற கார் இல்லை.

முன்பக்க மட்கார்டுகளும் விளக்குகளும் பானெட்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். திறந்தால் இஞ்சின், முன் சஸ்பென்சன், ஸ்டியரிங் யாவும் வெட்டவெளியில் நிற்கும். வேலை செய்பவர் முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம். திரும்பும் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 25 அடி (7.6 மீட்டர்) மட்டுமே. குறுகிய தெருவில் ஒரே ஒடிப்பில் திரும்பிவிடுவது ஹெரால்டைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் மறவாமல் சொல்லும் செய்தி.

இஞ்சின் 948 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின் ஆகும். இது முன்னர் ஸ்டாண்டர்ட் டென் காரில் இருந்ததே. பிரித்தானிய ஹெரால்டு 1961 இல் 1147 சி.சி. க்கும் பின்னர் 1296 சி.சி. க்கும் மாறியது. இந்திய ஹெரால்டு கடைசிவரை 948 சி.சி. இலேயே நின்றது. உள்நாட்டில் வார்க்கவும் கடையவும் பழகிய ஓர் இஞ்சினை மாற்றுவது புதிய முதலீட்டையும் புதிய அரசு அனுமதியையும் கேட்கும் காலம் அது.

பின் அச்சு

ஹெரால்டைப் பற்றிய புகழுக்கும் பழிக்கும் மையமானது அதன் பின் சஸ்பென்சன். அம்பாசிடரிலும் பியட்டிலும் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே விறைப்பான அச்சில் இணைக்கப்பட்டிருந்தன. ஹெரால்டில் அச்சு நடுவில் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பாதியும் தனித்தனியே மேலும் கீழும் ஊசலாடும். டிபரன்சியலின் மேல் குறுக்காகப் போடப்பட்ட ஒரே பட்டைவில் இரு சக்கரங்களையும் தாங்கும்.

மேடுபள்ளங்களில் ஒரு சக்கரத்தின் அதிர்ச்சி மற்றதற்குப் போகாது என்பது இதன் நன்மை. வளைவில் வேகமாகச் சென்று திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் நிலைமை வேறு. காரின் பின்பக்கம் எழும்ப, வெளிப்புறச் சக்கரம் உட்புறமாகச் சாய்ந்து மடங்கும். டயரின் பிடி குறைந்து பின்பக்கம் சறுக்கும். ஊசல் அச்சின் இந்தக் குணம் ஹெரால்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் செவ்ரோலே கோர்வேர் காரைப் பற்றி ரால்ப் நேடர் 1965 இல் எழுப்பிய புகழ்பெற்ற பாதுகாப்புச் சர்ச்சையின் மையத்திலும் இத்தகைய அச்சே இருந்தது.

இந்தியாவில் வேறு சிக்கலும் சேர்ந்துகொண்டது. நான்கு பேருக்காகச் செய்த காரில் குடும்பமே ஏறியது. டிக்கியில் மூட்டைகளும் ஏறின. பட்டைவில் தளர்ந்து பின்சக்கரங்கள் மேற்புறம் உள்சாய்ந்து, கார் குந்தியது போல் நிற்கும். இவ்வாறு நிற்கும் ஹெரால்டை 1970களில் எந்த ஊரிலும் பார்க்க முடிந்தது. அம்பாசிடரில் கைதேர்ந்த மெக்கானிக்குகள் பலர் இந்த அமைப்பை விரும்பவில்லை.

ஸ்பிட்ஃபயருடன் உறவு

டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1962 இல் வெளிவந்து 1980 வரை தயாரிக்கப்பட்டது. இதையும் மிக்கலோட்டியே வரைந்தார். ஹெரால்டின் 91.5 அங்குலச் சக்கர இடைவெளி ஸ்பிட்ஃபயரில் 83 அங்குலமாகக் குறைந்தது. முன் சஸ்பென்சன், ஸ்டியரிங், ஊசல் அச்சு, முழுதாகச் சாயும் பானெட் ஆகியவை ஹெரால்டிலிருந்தே வந்தன. இஞ்சினும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் 1147 சி.சி. கொள்ளளவும் இரட்டைக் கார்ப்பரேட்டரும் கொண்டு 63 குதிரைத்திறன் தந்தது. தொடக்ககாலப் பிரித்தானிய ஹெரால்டின் திறன் இதில் ஏறத்தாழ பாதியே. வைட்டெஸ், ஜி.டி. 6 ஆகிய ஆறு சிலிண்டர் கார்களும் இதே வகை அடிச்சட்டத்தின் வழித்தோன்றல்களாகும். 1977 இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் இவை அனைத்தையும் ஒரே குடும்பமாகவே கொள்கிறது.

எனவே ஹெரால்டு ஒரு ஸ்போர்ட்ஸ் காரா என்ற கேள்விக்கு நேரான விடை இல்லை. அதன் வேகம் ஸ்போர்ட்ஸ் காருக்கு உரியதன்று. தாழ்ந்த இருக்கை, கைக்கு உடனே பதில் தரும் ஸ்டியரிங், வளைவில் ஓட்டுநரின் கவனத்தைக் கேட்கும் இயல்பு ஆகியவை அந்த இனத்துக்கு உரியவை.

மாற்றங்கள்

சென்னையில் ஹெரால்டு மார்க் 1, மார்க் 2 என வளர்ந்தது. 1968 இல் வந்த மார்க் 3 நான்கு கதவுகள் கொண்டது. இங்கிலாந்தில் ஹெரால்டு என்றுமே நான்கு கதவுகளுடன் வந்ததில்லை. இது இந்தியாவுக்கென்றே செய்யப்பட்ட மாற்றம். ஐந்து கதவுகள் கொண்ட எஸ்டேட் வகையும் இங்கு செய்யப்பட்டது. இரண்டு கதவுக் காரில் முன் இருக்கையை மடக்கிப் பின்னால் நுழைவது பெரியவர்களுக்கும் சேலை கட்டியவர்களுக்கும் தொல்லையாக இருந்தது. வாடகைக் காராகவும் அது பயன்படவில்லை. அம்பாசிடரின் சந்தை வலிமை அதன் நான்கு கதவுகளிலும் பின் இருக்கையிலும்தான் இருந்தது.

அடுத்து, 1970களின் தொடக்கத்தில் ஸ்டாண்டர்ட் கசெல் என்னும் கார் வந்தது. ஹெரால்டின் அடித்தளத்தில் புதிய முகப்புடன் அமைந்த நான்கு கதவுக் கார் இது. இஞ்சின் பழைய 948 சி.சி. தான். ஆனால் ஊசல் அச்சு நீக்கப்பட்டு, மற்ற இந்தியக் கார்களில் இருந்ததைப் போன்ற விறைப்பான பின் அச்சு பொருத்தப்பட்டது.

இங்கிலாந்திலும் இதே சிக்கலுக்குத் தீர்வு தேடப்பட்டது. 1968 இல் வைட்டெஸ், ஜி.டி. 6 கார்களின் பின் சஸ்பென்சன் திருத்தி அமைக்கப்பட்டது. 1970 இல் ஸ்பிட்ஃபயருக்கு ஊசலாடும் பட்டைவில் தரப்பட்டது. இரண்டிலும் சக்கரங்களின் தனித்தன்மை காக்கப்பட்டது. சென்னையில் அதைக் கைவிட்டார்கள்.

சோழவரம்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கு நடத்திய ஓட்டப் பந்தயங்கள் இந்திய அளவில் பெயர்பெற்றவை. இறக்குமதியான பந்தயக் கார்களை வைத்திருந்தவர்கள் சிலரே. பிறர் பியட், ஹெரால்டு, அம்பாசிடர் போன்ற இந்தியத் தயாரிப்புகளைத் திருத்தி ஓட்டினர். 1990 இல் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை அமைந்த பின் சோழவரத்தின் காலம் முடிந்தது.

ஆர்வலர்களின் கருத்துகள்

ஹெரால்டு ஆர்வலர்கள் பெரும்பாலும் இரு பிரிவினர். இரண்டு கதவு ஹெரால்டே உண்மையான ஹெரால்டு, நான்கு கதவு வைத்ததும் மிக்கலோட்டியின் கோடு சிதைந்தது, கசெலில் அச்சையும் மாற்றியதும் காரின் உயிரே போயிற்று என்பது ஒரு பிரிவினரின் கருத்து. கசெல் இந்தியச் சாலைக்கும் இந்தியக் குடும்பத்துக்கும் ஏற்ப இந்தியப் பொறியாளர்கள் செய்த கார், அதைப் பிரித்தானிய அளவுகோலால் அளப்பது முறையன்று என்பது மற்றவர்களின் கருத்து. இரண்டாம் பிரிவினரின் வாதத்தில் நியாயம் உண்டு. எனினும் அந்த மாற்றங்கள் சந்தையில் பயன் தரவில்லை. நான்கு கதவும் விறைப்பான அச்சும் கொண்ட கார் வேண்டியவருக்கு அம்பாசிடரும் பியட்டும் ஏற்கனவே இருந்தன. தன்னை வேறுபடுத்திய குணங்களைத் துறந்த பின், சிறிய இஞ்சின் கொண்ட மூன்றாவது காரை அவர் ஏன் வாங்க வேண்டும்?

குறைகளை இரு பிரிவினரும் மறைப்பதில்லை. தரையிலிருந்து உயரம் குறைவு. பூட்டிய துண்டுகளின் இணைப்புகள் தளர்ந்து கலகலவென்று ஒலிக்கும். கதவுகள் வரிசை தவறும். தூசியும் மழைநீரும் உள்ளே வரும். சென்னை முதல் குமரி வரையான கடலோர ஊர்களில் உப்புக்காற்று அடிச்சட்டத்தின் பக்கக் கைகளை அரித்துவிடும்.

தயாரிப்பின் முடிவு

கசெல் சிறு எண்ணிக்கையில் மட்டுமே செய்யப்பட்டு 1970களின் பிற்பகுதியில் நின்றது. கார் விலைகளை அரசு 1969 முதல் சில ஆண்டுகள் கட்டுப்படுத்தியதும் பின்னர் எண்ணெய் நெருக்கடி வந்ததும் சிறிய உற்பத்தியாளருக்கு உதவவில்லை. நிறுவனம் ஸ்டாண்டர்ட் 20 என்னும் சிறு வணிக வண்டியோடு நின்றுகொண்டது. 1985 இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெயரில் மீண்டும் கார் சந்தைக்கு வந்தது. ரோவர் எஸ்.டி. 1 காரின் உடலுக்குள் வேன்கார்டு காலத்திலிருந்து வந்த 1991 சி.சி. இஞ்சினை வைத்த அந்தக் கார் விலை உயர்ந்தது, பெட்ரோலையும் மிகுதியாகக் குடித்தது. 1988 இல் தயாரிப்பு நின்றது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் கார் வெளிவருவது 1963 இலேயே முடிந்துவிட்டது. அந்தப் பெயர் மேலும் 25 ஆண்டுகள் சென்னையில் உயிர்வாழ்ந்தது குறிப்பிடத்தக்கதாகும். ஆலை இருந்த நிலத்தில் பின்னர் தகவல் தொழில்நுட்ப வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்தன.

எஞ்சியுள்ள கார்கள்

ஸ்பிட்ஃபயர் 1980 வரை தயாரிக்கப்பட்டதாலும் அதை வைத்திருப்போர் உலகெங்கும் இருப்பதாலும் ஹெரால்டின் இஞ்சின், பிரேக், முன் சஸ்பென்சன் பாகங்கள் பல இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. நான்கு கதவு வகையின் பின் கதவுகளும் கசெலின் முகப்பும் வெளிநாட்டில் கிடைக்க வழியில்லை. அவை இங்கு மட்டுமே செய்யப்பட்டவை. அவற்றுக்குப் பழைய காரைப் பிரித்தெடுப்பதோ தகரத்தைக் கையால் தட்டி உருவாக்குவதோதான் வழி.

2021 இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த கார்களும் இருசக்கர வண்டிகளும் வின்டேஜ் வாகனமாகத் தனிப் பதிவு பெறலாம். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். அடிச்சட்டம், உடல், இஞ்சின் ஆகியவை பெருமளவில் மாற்றப்பட்டிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பாகம் கிடைக்காத ஆண்டுகளில் வேறு காரின் இஞ்சினைப் பொருத்தியோ பின் அச்சை மாற்றியோ ஓட்டப்பட்ட ஹெரால்டுகளுக்கு இந்த நிபந்தனை இடர் தருவதாகும். கசெலின் விறைப்பான அச்சு தொழிற்சாலையிலேயே வந்தது என்பதால் அது மாற்றமாகக் கருதப்பட வேண்டியதில்லை. 2020களில்தான் கசெல் கார்கள் ஒவ்வொன்றாக 50 வயதை எட்டத் தொடங்கின.