பின்னாலிருந்து நகரும் கெர்னல்

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தரப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் இன்னொரு இயங்குதளமும் இருந்தது: மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் வேப்பனப்பள்ளி போன்ற எல்லையோர ஊர்களில், பல வீடுகளுக்கு முதல் கணினியாக வந்தது அந்த மடிக்கணினிதான். பட்டனை அழுத்தி லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால், அடுத்து எந்த மொழி எழுத்தும் திரைக்கு வருமுன், இயங்குதளத்தின் மையமான கெர்னல் உள்ளே புறப்பட்டுவிடும்.

ஹார்டு டிஸ்க்கில் அது சுருக்கிக் கட்டப்பட்டுக் கிடக்கும். தொடக்க நிரலான கிரப் அதைத் தூக்கி ரேமில் வைக்கும். அங்கேதான் சிக்கல். இருந்த இடத்திலேயே விரியத் தொடங்கினால், இன்னும் படிக்காத தன் பகுதிமேலேயே எழுதிவிடும். ஆகவே ஒதுக்கிய இடத்தின் கடைக்கோடிக்கு முதலில் தன்னையே நகர்த்திக்கொள்கிறது. பழைய இடமும் புது இடமும் ஒன்றன்மேல் ஒன்று படியலாம். நெருக்கி அடுக்கிய மாங்காய்க் கூடைகளை ஓரடி பின்னுக்குத் தள்ள, கடைசிக் கூடையில்தானே கை வைக்கவேண்டும்? நகலெடுப்பும் கடைசியிலிருந்தே நடக்கிறது. ‘எஸ்டிடி’ என்ற கட்டளை திசையைப் புரட்டும். முடிந்ததும் ‘சிஎல்டி’ நேராக்கும். இந்த இரண்டாவதை விட்டுவிட்டால், அடுத்து வரும் சி மொழி நிரலின் நகல்களும் தலைகீழாக ஓடி நினைவகத்தைச் சிதைக்கும்.

64 பிட் கணினியில் இந்த வேலையை ஒரு சுழல் நிரல் செய்தது: 8 பைட் படி, எழுது, கழி, திரும்பு. 4 மெகாபைட்டுக்கு 5,24,288 சுற்று. 2009-இல் கெர்னல் நிரலாளர் எச். பீட்டர் ஆன்வின் அதை எடுத்துவிட்டு ‘ரெப் மூவ்எஸ்க்யூ’ என்ற ஒற்றைக் கட்டளையை வைத்தார். சுற்றுக்கணக்கைச் செயலியே பார்த்துக்கொண்டது.

அதே திருத்தத் தொகுப்பில் அவர் செய்த இன்னொரு மாற்றம்தான் என்னை அதிகம் கவர்ந்தது. மதிப்பு தரப்படாத மாறிகளுக்கான ‘பிஎஸ்எஸ்’ பகுதியையும் அதுவரை சேர்த்தே நகலெடுத்தார்கள். எடுத்த கையோடு அதில் சுழியம் நிரப்பினார்கள். அழிக்கப்போவதை ஏன் சுமக்கவேண்டும் என்று அந்த நகலையே நிறுத்தினார். வேகமான கட்டளையைத் தேடுவதைவிட இந்தக் கேள்வியைக் கேட்பது கடினம் என்பேன்.

நகர்வு முடிந்ததும் கெர்னல் விரிகிறது. செயலி அதற்குள் தாவுகிறது. சுருக்க வடிவம் கிடந்த இடம் வேறு வேலைக்குப் போகிறது.

2023-இல் வந்த லினக்ஸ் 6.6-இலிருந்து, யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் இயங்கத் தொடங்கும் எக்ஸ்86 வகைச் செயலிக் கணினிகளில் கெர்னல் தனக்கான இடத்தில் நேராகவே விரிகிறது, நகர்வு இல்லை. பழைய பயாஸ் வழியில் தொடங்கும் கணினிகளில் அந்த நகர்வு நீடிக்கிறது.