துறைமுகம் வரை நீளும் மலை: தேயிலைத் தோட்டச் சூழற்றொகுதியின் எல்லை

சூழற்றொகுதி என்னும் கருத்தை ஆதர் டான்ஸ்லி 1935இல் முன்வைத்தபோதே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொன்னார். தொகுதியின் எல்லை, ஆய்வாளர் தம் ஆய்வுக்காக மனத்தால் பிரித்தெடுப்பது. இயற்கையில் தொகுதிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. நமது பாடநூல்கள் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு மூடிய வட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. போசணைச் சக்கரம் ஓர் அத்தியாயம், சனத்தொகை வளர்ச்சி வேறோர் அத்தியாயம் என்றே மாணவர் படிக்கிறார்கள். இலங்கை மலையகத்தின் நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களை இப்படிப் பிரித்து விளங்கிக்கொள்ள முடியாது. அங்கே மண்ணின் கணக்கையும் மனிதரின் கணக்கையும் சேர்த்தே தீர்மானிக்கும் எல்லை, கொழும்புத் துறைமுகத்தில் இருக்கிறது என்பது என் வாதம்.

தோட்டங்களுக்கு முன்பிருந்த மலைக்காடு தன் சருகைத் தானே மக்கவைத்துத் தன் வேருக்கே ஊட்டியது. கோப்பிக்காக அதை வெட்டி எரித்தபோது சாம்பல் சில ஆண்டுகள் விளைச்சல் தந்தது. பிறகு மழை மேல்மண்ணை அரித்துச் சென்றது. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட கோப்பி இலைத்துரு நோய், சரிவெங்கும் ஒரே பயிர் நின்றதால் தடையின்றிப் பரவிக் கோப்பியை அழித்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அந்த வெற்றிடத்தை நிரப்பியது.

தேயிலையின் நைதரசன் கணக்கை இங்கே சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மற்றப் பயிர்கள் பலவற்றில் விதையையோ கிழங்கையோ கொண்டுபோகிறோம். தேயிலையில் செடி தன் நைதரசனைச் செறிவாக வைத்திருக்கும் இளந்தளிரையே பறிக்கிறோம். உலர்ந்த தேயிலையில் ஏறத்தாழ 4 சதவீதம் நைதரசன். 1,000 கிலோ தேயிலை மலையை விட்டு இறங்கும்போது சுமார் 40 கிலோ நைதரசனும் கூடவே இறங்குகிறது. அது திரும்பி வருவதில்லை. கவ்வாத்து வெட்டிய இலையும் நிழல்மரச் சருகும் மண்ணுக்குள் இருப்பதைச் சுழற்றித் தரும். ஏற்றுமதியான அளவை அவற்றால் ஈடுசெய்ய இயலாது. நிழல்மரமான முள்முருக்கு வேரில் நிலைப்படுத்தும் நைதரசன் ஓரளவு உதவும். மீதி, கப்பலில் வரும் உரம்தான். கவ்வாத்தில் வெட்டிய கிளைகளான மிலாற்றை விறகுக்குக் கொண்டுபோகும் தொழிலாளரால் மண் கெடுகிறது என்ற குற்றச்சாட்டு உண்டு. மிலாறு போவதால் மண்ணுக்குக் கரிமப்பொருள் குறைவது மெய். ஆனால் நைதரசன் மிகுந்த இலை வயலிலேயே உதிர்ந்து விடுகிறது. பெட்டியில் போகும் கொழுந்தோடு ஒப்பிட்டால் மிலாறு எடுத்துச் செல்வது சிறிது.

மனிதர் உண்டதும் வெளியிலிருந்தே வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் தோட்டங்களுக்குப் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அரிசி வந்தது; 1942இல் பர்மா ஜப்பானிடம் வீழ்ந்தபின் அந்த இடத்தைக் கோதுமை மா பிடித்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் ரொட்டிக்கு வரலாறு இதுதான். 1973–74இல் உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, அரசு பங்கீட்டைக் குறைத்தபோது, பசுமை சூழ்ந்த தோட்டங்களில் மக்கள் பசியால் மாண்டார்கள். நாட்டின் பிற பகுதிகளைவிடத் தோட்டங்களில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. நிலமற்றவர்களுக்கு அந்த நிலத்தின் தாங்குதிறன் எப்படி உணவாகும்?

தாங்குதிறனை எட்டியதும் சனத்தொகை சமன்படும் என வெருல்ஸ்ட் 1838இல் வகுத்த வளர்ச்சி வளைகோட்டை இந்தத் தோட்ட மக்கள்மீது பொருத்திப் பார்ப்போம். குடிசன மதிப்பில், தோட்ட மக்களில் பெரும்பாலோர் அடங்கும் இந்தியத் தமிழர் பிரிவில் பதிவானோர் 1971இல் சுமார் 11.7 லட்சம், 1981இல் சுமார் 8.2 லட்சம், 2012இல் சுமார் 8.4 லட்சம். பத்தாண்டுகளில் நேர்ந்த சரிவுக்கு எந்த வளத்தட்டுப்பாட்டுச் சமன்பாடும் விடை தராது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொண்டவர்களும், வன்முறைக்கு அஞ்சி வன்னிக்குப் போனவர்களும் உண்டு. பிறப்பு, இறப்புக்கு நிகராகக் குடிவரவும் குடியகல்வும் சனத்தொகையை ஆக்குகின்றன என்று பாடநூலே சொல்கிறது. இங்கே அவ்விரண்டும் அரசுகளின் கையெழுத்தில் நிகழ்ந்தன.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. தேயிலை பல்லாண்டுப் பயிராதலால் உடனே வாடவில்லை. அவ்வாண்டின் நாட்டு உற்பத்தி ஏறத்தாழ 30 கோடி கிலோ. 2022இல் அது சுமார் 25 கோடிக்கு இறங்கியது. எரிபொருள் நெருக்கடியும் அதில் சேர்ந்திருந்தது என்பதை மறைக்கக் கூடாது. கொழுந்து குறைந்தால் நாளுக்குரிய கிலோ நிறையாது. நிறையாவிட்டால் அன்று அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான். நைதரசன் குறைவு ஒரு பெண்ணின் நாட்கூலியாக மாறும் வழி இது. தடைக்குக் காரணமாகக் காட்டப்பட்ட சேதன வேளாண்மையை நான் மறுக்கவில்லை. ஏற்றுமதியைக் குறைக்காமல் இறக்குமதியை மட்டும் ஓரிரவில் நிறுத்தியதைத்தான் மறுக்கிறேன்.

எனவே, மலையக மண்ணரிப்பைப் பேசும்போது 'சனத்தொகை அழுத்தம்' என்ற சொல்லை எடுப்பவர்கள் இரண்டு தரவுகளை அருகருகே வைக்கட்டும்: ஒரு ஹெக்டேயரிலிருந்து ஆண்டுதோறும் வெளியேறும் தேயிலை எவ்வளவு, அதே ஹெக்டேயரில் உழைப்பவரின் கைவசமுள்ள நிலம் எவ்வளவு? 2010களின் வீடமைப்புத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 7 பேர்ச்.