நாள் குறித்தவர்கள்



திருவழிபாட்டு ஆண்டு முடியும் வாரங்கள் இவை. கதிரவன் இருளுவதையும் மானிடமகன் வருவதையும் பற்றிய வாசகங்கள் இப்போதுதான் வரும். கேட்டதும் சிலருக்கு வயிற்றைக் கலக்கும்.

கடந்த ஜூன் மாதம் ஒரு தாய் நம்மிடம் வந்தார். கைப்பேசியில் ஏதோ காணொளி பார்த்திருக்கிறார். “சாமி, உலகம் ரெண்டு வருசத்துல முடிஞ்சிடுமாமே, புள்ளைய நர்சிங் சேர்க்கணுமா?” என்றார். சிரிக்கத் தோன்றவில்லை. கன்னேற்றியில் நடந்ததைச் சொன்னோம்.

கன்னேற்றி, கேரளத்தில் கருநாகப்பள்ளிக்கு அருகே இருக்கிறது. ராமையன் என்னும் தமிழ்ப் பிராமணர் 1861-இல் குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்று யுஸ்தூஸ் யோசேப்பு ஆனார். ஆங்கிலிக்கன் குருவாகவும் ஆனார். பாட்டில் வல்லவர், வித்வான் குட்டி என்பார்கள். திருவிதாங்கூரில் எழுப்புதல் பரவிய காலம் அது. 1875-இல் தனிச் சபை கண்டார். ஆண்டவர் வர இன்னும் ஆறே ஆண்டுகள் என்றார்கள். 1881 அக்டோபர் 2 என்று நாளும் குறித்தார்கள். அந்த நாள் வந்தது, பொழுதும் சாய்ந்தது. பலர் பழைய சபைகளுக்கே திரும்பினார்கள். மிஞ்சியவர்கள் யூயோமயம் என்ற தனி மார்க்கமானார்கள்.

அவரை ஏமாற்றுக்காரர் என்று நாம் சொல்லமாட்டோம். அவருடைய பாடல்களைக் கேரள ஆலயங்களில் இன்றும் பாடுகிறார்கள். ஆனால் நாளை எண்ணத் தொடங்கினால் நற்செய்தி பஞ்சாங்கமாகிவிடுகிறது. அந்த நாள் தந்தைக்கு மட்டுமே தெரியும் என்றல்லவா ஆண்டவர் சொன்னார்? தெசலோனிக்காவிலும் வேலையை விட்டுச் சும்மா திரிந்தவர்கள் இருந்தார்கள். பவுலின் பெயரில் சென்ற இரண்டாம் திருமுகம் அவர்களைக் கண்டிக்கிறது.

நம் பக்கமும் குறை உண்டு. அடக்கப் பூசையில் கறுப்பு உடையும், தீர்ப்பு நாளின் திகிலைச் சொல்லும் இலத்தீன் பாட்டும் இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். 1969-இல் வந்த புதிய அடக்கச் சடங்குதான் உயிர்ப்பை முன்னே வைத்தது. அதுவரை எத்தனை பேர் பயத்தோடே கல்லறைத் திருநாளைக் கழித்தார்களோ!

உலகம் முடிந்ததுபோன்ற ஒரு நாளை நம் ஊரும் பார்த்திருக்கிறது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். ஆலயமும் தப்பவில்லை. இன்று மிஷன் வீதியில் நாம் மண்டியிடும் சம்பா கோவில், அதற்குப் பிறகு எழுப்பி 1791-இல் முடித்தது. முப்பது ஆண்டு! முதல் கல் சுமந்தவர்களில் எத்தனை பேர் முடிந்த கோவிலைப் பார்த்திருப்பார்கள்?

அந்தத் தாயிடம் சென்டாக் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எப்போது என்று கேட்டோம். வெள்ளிக்கிழமை என்றார். வியாழனுக்குள் போட்டுவிடுங்கள் அம்மா, கடைசி நாளில் கூட்டமாக இருக்கும் என்றோம்.