இரும்புச்சத்துக் குறைபாட்டு ரத்தசோகை: ஸ்ரீரங்கத்து இலையும் திருச்சி ரேஷன் அரிசியும்

உடலில் இரும்பின் இருப்பு கரைந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத நிலையே இரும்புச்சத்துக் குறைபாட்டு ரத்தசோகை. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12-க்கும், கர்ப்பிணிகளுக்கு 11-க்கும் கீழே இறங்கினால் ரத்தசோகை எனக் கொள்வது வழக்கம். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அது 57.4 சதவீதம். ஃபோலிக் அமிலக் குறைவு, பி12 குறைவு, தலசீமியா போன்றவையும் இந்தக் கணக்கில் அடங்கும். ஆனால் இரும்புக் குறைவுதான் பரவலான காரணம்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, தீராத அசதி, தலைமுடி கொட்டுவது, வெளிறிய கீழிமை ஆகியவை இதன் அறிகுறிகள். பச்சரிசி, பல்பம், சாம்பல் என்று கண்டதையும் தின்னத் தோன்றுவதும் அதில் சேரும். அப்படித் தின்னும் பிள்ளையைத் திட்டுவதைவிட ஒரு ரத்தப் பரிசோதனை செய்துபார்ப்பது நல்லது.

காவிரிக் கரையில் சோறுதான் சாப்பாடு. தீட்டிய அரிசி 100 கிராமில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. மாதவிடாய்ப் பருவத்துப் பெண்ணுக்கோ நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்பது 2020-இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட பரிந்துரை. அதே 100 கிராமுக்குக் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேலும், கொள்ளில் 8-க்கு மேலும், கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் நாலரை மில்லிகிராம் அளவும் இரும்பு இருக்கிறது. அசைவக்காரர்களுக்கு வழி இன்னும் எளிது. இறைச்சியில் உள்ள ஹீம் இரும்பைக் குடல் சுலபமாக உறிஞ்சிக்கொள்ளும். ரத்தம் ஊறுவதற்கு ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கிக் கொடுக்கும் பழக்கத்துக்கு அறிவியலின் ஆதரவு உண்டு, ஏனென்றால் மண்ணீரல் இரும்பு மிகுந்த உறுப்பு. ஈரலும் அப்படித்தான். ஆனால் அதில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் அதைத் தவிர்ப்பது நல்லது.

சைவ உணவின் சிக்கல் வேறு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும். அதோடு எதைச் சேர்த்துச் சாப்பிடுகிறோம் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. இதற்கு நல்ல உதாரணம் ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிறது. ஏகாதசி விரதம் இருந்தவர்கள் மறுநாள் துவாதசி காலையில் பாரணை செய்யும் இலையில் அகத்திக்கீரை, சுண்டைக்காய், நெல்லிக்காய் மூன்றும் இடம்பெறும். நெல்லிக்காயின் வைட்டமின் சி, கீரையின் இரும்பைக் குடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. அகத்தியில் இரும்போடு கால்சியமும் ஏராளம். கால்சியம் இரும்பை ஓரளவு தடுக்கும், அதனால் அங்கே நெல்லிக்காய்க்கு வேலை அதிகம். அந்தச் சேர்க்கை பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்துபோனால் போதாது. எலுமிச்சை பிழிந்த சுண்டல், கீரைப் பொரியலுக்குப் பக்கத்தில் நெல்லிக்காய்ப் பச்சடி, சாப்பிட்டதும் ஒரு கொய்யா என்று தினசரி இலைக்கே அது வர வேண்டும். நெல்லிக்காயைக் கொதிக்கவைத்தால் வைட்டமின் சி குறைந்துவிடும். பச்சையாக அரைப்பதே மேல்.

அடுத்தது காபி. ஸ்ரீரங்கத்தில் டிபனும் டிகாஷன் காபியும் பிரியாதவை. 1983-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு குடித்த காபி இரும்பு உறிஞ்சப்படுவதை 39 சதவீதமும், தேநீர் 64 சதவீதமும் குறைத்தன. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காபியும் அதே அளவு தடுத்தது. ஆனால் சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தது எந்தப் பாதிப்பையும் தரவில்லை. ஆகவே விடியற்காலை முதல் காபிக்குத் தடையில்லை, இட்லிக்குப் பின்னால் வரும் டம்ளரைத்தான் தள்ளிப்போட வேண்டும். இட்லி மாவு புளிப்பதே ஒரு நன்மை. இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் அதில் குறைகிறது. பயறு முளைகட்டினாலும் அப்படியே. இரும்புச் சட்டியில் புளி சேர்த்துச் சமைத்தால் சட்டியிலிருந்தும் கொஞ்சம் இரும்பு உணவில் இறங்கும்.

நிறத்தை நம்பி ஏமாறுவது பொதுவாக நடப்பது. பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தமாகிவிடாது. இரண்டிலும் இரும்பு சொற்பம். திருச்சியைச் சுற்றி விளையும் வாழைப்பழம் நல்ல உணவுதான் என்றாலும் இரும்புக்கு உதவாது. பேரீச்சம்பழத்தில் இரும்பு உண்டு. ஆனால் நாளுக்கு இரண்டு மூன்று தின்பது தேவையில் சிறு பங்கைத்தான் தரும்.

வீட்டுக் கவனம் மட்டுமே ஒரு மாநிலத்தின் ரத்தசோகையைத் தீர்த்துவிடாது, அரசின் உணவுத் திட்டங்களும் வேண்டும். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை 1982 ஜூலை 1 அன்று தொடங்கிவைத்தது திருச்சி அருகேயுள்ள பாப்பாக்குறிச்சியில். ரேஷனில் செறிவூட்டப்பட்ட அரிசி வழங்கும் மத்திய அரசின் முன்னோடித் திட்டத்துக்குத் தமிழகத்திலிருந்து தேர்வான மாவட்டமும் திருச்சிதான். 2020-இல் விநியோகம் தொடங்கியது. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி வடிவிலேயே மணியாக்கி, நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு சேர்ப்பார்கள். கலந்த அரிசி கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்க வேண்டும். களையும்போது மிதக்கும் மணிகளைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிந்த வீடுகள் பல. எறிந்தது சத்தைத்தான். அதே சமயம் தலசீமியா உள்ளவர்கள் இரும்பு சேர்த்த உணவு குறித்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரத்தசோகை வந்துவிட்ட பிறகு உணவு துணைதான், மருந்து மாத்திரையே. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பேறுகாலத்துக்கு முன்பு 180 நாள், பின்பு 180 நாள் என்பது கணக்கு. வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு நீல மாத்திரை. மலம் கறுப்பது இயல்பு, அதற்குப் பயந்து நிறுத்தக் கூடாது. குமட்டினால் இரவு உணவுக்குப் பிறகு போடலாம். எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கலாம். பாலோடும் காபியோடும் வேண்டாம். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்ற வேண்டும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் இருப்பு நிரம்ப ஏறக்குறைய மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டும். பாதியில் விடுவதால்தான் பலருக்கு அது திரும்ப வருகிறது.

ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லையென்றால் ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அதிக மாதவிடாய்ப் போக்கு, மூலம், வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு ஆகியவை அடிக்கடி காணப்படும் காரணங்கள். வயதான ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புக் குறைவு தெரிந்தால், கீரையும் டானிக்கும் கொடுத்துக் காத்திருக்காமல், வயிற்றிலும் குடலிலும் புண்ணோ புற்றோ கசிகிறதா என்று எண்டோஸ்கோபி செய்து பார்ப்பதே மருத்துவ நடைமுறை.