முயல் காவலரின் முக்கோண வீடு

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷர் பகுதியில், ரஷ்டன் என்னும் சிற்றூரையொட்டி நிற்கும் ‘முக்கோண விடுதி’, சர் தாமஸ் டிரெஷம் என்ற நிலக்கிழார் தம் பண்ணையின் முயல் காவலருக்கென்று 1593-க்கும் 1597-க்கும் இடையே கட்டுவித்த சிறு கல்வீடாகும். இறைச்சிக்கும் தோலுக்குமாகக் குழிமுயல்களை வளர்த்து விற்பது அக்காலப் பெருநிலக்கிழார்களுக்கு நல்ல வருவாய் தந்தமையால், அவற்றைக் காப்பவருக்கு மேய்ச்சல் திடலிலேயே ஒரு வீடு அமைத்துக் கொடுப்பது வழக்கமே. அவ்வீட்டுக்கு மூன்றே சுவர்கள் எழுப்புவதுதான் வழக்கத்தில் இல்லாதது.

முதலாம் எலிசபெத் அரசியிடம் 1575-இல் ‘சர்’ பட்டம் பெற்ற டிரெஷம், 1580-இல் கத்தோலிக்க நெறியைத் தழுவினார். மறு ஆண்டே, எட்மண்ட் கேம்பியன் என்னும் இயேசு சபைக் குருவுக்குப் புகலிடம் தந்ததாகக் கைது செய்யப்பட்டார். அரசுத் திருச்சபையின் வழிபாட்டுக்கு வர மறுப்போர் மாதம் 20 பவுன் தண்டம் கட்ட வேண்டும் என்ற சட்டமும் அதே 1581-இல் வந்தது. சிறையும் வீட்டுக்காவலுமாகப் பல்லாண்டுகள் கழித்து 1593-இல் வெளிவந்தவர், தம் நம்பிக்கையை, அதாவது தந்தை, மகன், தூய ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவக் கோட்பாட்டை, கல்லில் எழுப்பலானார்.

வெளிர்நிறமும் கருநிறமுமான சுண்ணாம்புக்கல் வரிசைகளை மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டிய சுவர்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 33 அடி நீளமுடையவை, தளங்கள் மூன்று, ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் மூன்று முக்கோண முகடுகள், கூரையின் நடுவே மூன்று பட்டைகள் கொண்ட புகைபோக்கி. சுவருக்கு ஒன்றாகப் பொறிக்கப்பட்ட இலத்தீன் விவிலிய வாசகங்களிலும் எழுத்துகளை எண்ணினால் 33 வருகிறது. சன்னல்களில் காணப்படும் மூவிலை வடிவம் டிரெஷம் குடும்பத்தின் சின்னமும் ஆதலால், அதிகாரிகள் எவரேனும் ஐயுற்றுக் கேட்டால் குலச்சின்னம் என்று கூறித் தப்ப வழி இருந்தது. இந்த இரட்டைப் பொருள் தற்செயலானது என்று கொள்வது கடினம்.

எனினும், குறியீடுகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்போர் கவனியாமல் விடுவது உள்ளமைப்பைத்தான். முக்கோணத்தின் கூர்மூலைகளில் கட்டிலோ பெட்டியோ பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு தளத்திலும் மூன்று மூலைகளையும் குறுக்குச் சுவரால் தடுத்து, நடுவில் அறுகோணக் கூடம் ஒன்றை அமைத்துள்ளனர். சமபக்க முக்கோணத்தின் மூலைகளைப் பக்க நீளத்தின் மூன்றிலொரு பங்கு அளவில் வெட்டி நீக்கினால் எஞ்சுவது ஒழுங்கான அறுகோணம் என்ற வடிவியல் உண்மையே இதன் அடிப்படை. தடுத்த மூலைகளுள் இரண்டு சிற்றறைகளாயின. மூன்றாவது, நடுத்தூணைச் சுற்றி ஏறும் சுழற்படிக்கட்டுக்கு இடமாயிற்று. புறத்தே பிடிவாதமாக நிற்கும் மூன்று, அகத்தே ஆறாக விரிந்து மனிதர் புழங்குவதற்கு இடம் விடுகிறது. கட்டடக்கலை என்ற வகையில் இவ்வீட்டின் தனிச்சிறப்பு இதுவே எனலாம்.

சிலுவை வடிவத் தரைத்திட்டத்துடன் லிவ்டனில் டிரெஷம் தொடங்கிய மற்றொரு மாளிகை, 1605 செப்டம்பரில் அவர் இறந்ததால் கூரையின்றியே நின்றுவிட்டது. நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கத் திட்டமிட்டு, இரண்டே மாதங்களில் வெளிப்பட்ட வெடிமருந்துச் சதியில் அவருடைய மகன் பிரான்சிஸ் சிக்கி, அவ்வாண்டு டிசம்பரிலேயே இலண்டன் கோபுரச் சிறையில் மாண்டார். குடும்பத்தின் ஆவணங்களை யாரோ ரஷ்டன் மாளிகைச் சுவருக்குள் வைத்து அடைத்துவிட, 1828-இல் அங்கு நடந்த கட்டட வேலையின்போதுதான் அவை வெளிவந்தன.