பூவாபி அரசியின் பொன்முக யாழ்

தென் ஈராக்கிலே, மணல் மூடிக் கிடந்த ஒரு பெருமேட்டின் கீழே சுமேரியரின் தொன்னகரம் ஒன்று புதைந்திருந்தது. ‘ஊர்’ என்பதே அதன் பெயர். பிரித்தானிய நூதனசாலையும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையும் கூடி 1922 முதல் 1934 வரை அங்கு அகழ்வு நடத்தின. அப்பணிக்குத் தலைமை தாங்கியவர் லெனாட் வூலி என்னும் ஆங்கில அறிஞர்.

1927-28ஆம் ஆண்டுப் பருவத்தில் பூவாபி என்னும் அரசியின் கல்லறை வெளிப்பட்டது. அவள் மண்ணுள் வைக்கப்பட்டு ஏறக்குறைய 4,500 ஆண்டுகள் கழிந்திருந்தன. குழியின் சுவரோரத்தில் ஓர் யாழும், அதனருகே அணிகலன் பூண்ட பத்துப் பெண்களின் உடல்களும் காணப்பட்டன. அரசியோடு உயிர் துறக்குமாறு விதிக்கப்பட்டவர்கள் அவர்கள் என்று கருதப்படுகிறது. அவர்களுள் ஒருத்தி யாழோடு ஒட்டிக் கிடந்தாள். நரம்புகள் இருந்திருக்க வேண்டிய இடத்திலே அவளுடைய கையெலும்புகள் இருந்தன என்று வூலி எழுதினார்.

ஆயினும், யாழ் என்று சொல்லத்தக்க பொருள் அங்கே முழுமையாக இருக்கவில்லை. மரம் முற்றாக உக்கிப்போய்விட்டது; நரம்புகளும் மறைந்துவிட்டன. எஞ்சியவை மரத்தின்மேல் இருந்த அலங்காரங்களே. முன்புறத்திலே பொற்றகடு போர்த்த மாட்டுத் தலை. அதன் கண்ணும் முடியும் தாடியும் இலாப்பிசு இலாசுலி என்னும் கருநீலக் கல்லாலானவை. அத்தலையின் கீழே சிப்பியும் செந்நிறச் சுண்ணாம்புக்கல்லும் நிலக்கீலிற் பதித்த சித்திரப் பலகை. மண்ணை வாரினால் இவை யாவும் சிதறிவிடும். எனவே வூலி, மரம் மறைந்த வெற்றிடத்திலே பாரிசுச் சாந்தைக் கரைத்து ஊற்றினார். சாந்து இறுகியதும், இல்லாத மரத்தின் வடிவம் மீண்டது. அலங்காரங்களும் தத்தம் இடத்தில் நிலைபெற்றன.

பொன் துருப்பிடிப்பதில்லை, ஆனால் அது மெல்லிய உலோகம். மண்ணின் பாரத்தால் மாட்டின் பொன்முகம் நசுங்கிப் போயிருந்தது. அதனை நிமிர்த்திப் பழைய வடிவுக்குக் கொண்டுவரவேண்டியதாயிற்று. இன்று அத்தலையிற் காணப்படும் கொம்புகள் இக்காலத்தில் செய்து சேர்க்கப்பட்டவை. கண்ணும் முடியும் தாடியும் பழையவை.

பொன்முகம் பொலிவு பெற்றது. எனினும் கருவியின் உருவம் பிழையாகவே அமைந்தது. அதே கல்லறையில் வில் வடிவான வேறொரு நரம்புக் கருவியின் உறுப்புகளும் கிடைத்திருந்தன. இரண்டும் ஒரே கருவியின் கூறுகள் என்று எண்ணிய வூலி, அவற்றை இணைத்து, உலகில் எங்குமே இல்லாத ஒரு புதுமையான கருவியை அமைத்துவிட்டார். பல்லாண்டுகள் அதுவே பிரித்தானிய நூதனசாலையிற் காட்சியளித்தது. பிற்கால ஆராய்ச்சி அத்தவற்றைக் கண்டுபிடித்தது. அகழ்வின்போது எடுக்கப்பட்ட நிழற்படங்களை ஆதாரமாகக் கொண்டு, 1971-72இல் இரு கருவிகளும் பிரிக்கப்பட்டு, யாழ் புதிதாக அமைக்கப்பட்டது. அந்நிழற்படங்கள் இல்லாதிருப்பின், அழகாகச் செப்பனிடப்பட்ட அப்பிழை உண்மையாகவே நிலைத்திருக்கும்.

ஊர் நகரத்தின் மற்றொரு பொன்யாழ் பக்தாத் நகர நூதனசாலைக்கு உரியதாயிற்று. 2003ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், போரின் நடுவே அந்நூதனசாலை சூறையாடப்பட்டபோது அந்த யாழ் உடைத்துச் சிதைக்கப்பட்டது. அதன் உண்மையான பொற்றலையோ முன்னரே மத்திய வங்கியின் நிலவறைக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தமையால் தப்பியது.

இரு யாழ்களின் வரலாற்றிலும் பொன் பிழைத்தது, மரம் அழிந்தது. ஆனால் இசையைத் தாங்கியது மரமும் நரம்புமே. பழம்பொருளைச் செப்பனிடுவோர் பொன்னுக்கு ஒளியை மீட்டுக் கொடுக்கலாம். எது பழையது, எது தாம் சேர்த்தது என்பதை மறையாது குறித்து வைப்பதே அவர்தம் முதற் கடமை. அந்தப் பெண்ணின் விரல்கள் கடைசியாக மீட்டிய இசையை மட்டும் எவராலும் செப்பனிட முடியாது.